பாய்மரத்தடி ஏலம்

ஹார்ன் முனைக்குத் தெற்கே முப்பத்தோராம் நாள்.
பகலில் முன்னேறிய பதினோரு மைலையும்
இரவில் மேல்காற்று திருப்பி வாங்கிக்கொண்டது.
ஸ்வான்சீயில் ஏற்றிய நிலக்கரி
அடியறையில் புகைகிறதா என்று
ஆள் மாற்றி ஆள் மோந்து பார்த்தோம்.
எரிந்தால் குளிராவது விடும் என்றான்
சமையல்காரன் ஆல்சோப்.
யாரும் சிரிக்கவில்லை. உதடுகள் வெடித்திருந்தன.

நான்கு மணி நேரம் தளத்தில்,
நான்கு மணி நேரம் படுக்கையில்.
படுக்கை என்பது வேறொரு ஈரம்.
எண்ணெய்ச்சட்டை உராய்ந்த மணிக்கட்டுகளில் கொப்புளம்;
கயிற்றை விட்டால் தோலும் கூடப் போகும்.
பிஸ்கட்டை மேசையில் தட்டுவோம். புழு விழும்.
விழாததைப் பார்க்காமல் மெல்வோம்.

செவ்வாய்க்கிழமை
முன்மரத்துப் பாயைச் சுருட்ட ஏறிய மொர்தெகாய் பாரி
இறங்கி வரவில்லை.
பாய் பலகைபோல் உறைந்திருந்தது,
விரல் நுழைய ஒரு மடிப்பில்லை.
கேப்டன் கப்பலைத் திருப்பவில்லை.
அந்தக் காற்றில் திருப்ப முடியாதென்று எங்களுக்கும் தெரியும்.
தெரிந்தும் அவர் முகத்தையே பார்த்தோம்.

வியாழன், காற்று கொஞ்சம் அசந்த நேரம்,
அவன் பெட்டி நடுமரத்தடிக்கு வந்தது.
செத்தவன் சாமானை ஏலம் விடுவது கடல் வழக்கம்;
சம்பளத்தில் பிடித்து அவன் வீட்டுக்கு அனுப்புவார்கள்.
கத்தி இரண்டு ஷில்லிங். புகையிலை நான்கு.
வேல்ஸ் மொழி பைபிளை ஆறுக்கு நான் எடுத்தேன்,
எந்த மொழியும் படிக்கத் தெரியாதவன்.

பிறகு பூட்ஸ்.
நல்ல ஜோடி அவனோடு போய்விட்டது, இது பழசு.
இடதில் அடி பிளந்திருந்தது,
வலது குதிகாலில் லாடம் ஆடியது.
மூன்று என்றான் ஒருவன், போனால் போகிறதென்று.

"ஐம்பது."
ஜேபெஸ் ட்ரெகியர்.
ஐம்பது ஷில்லிங் ஒரு மாதச் சம்பளம்.
வெல்லப்பாகைத் திருடித் தின்றானென்று
மொர்தெகாயின் பல்லை உடைத்தவன் அவன்தான்.
தின்றது நான்.

மேட் பென்சிலை நிறுத்தி மறுபடி கேட்டார்.
"காது கேக்கலையா? ஐம்பது."

அன்றிரவே போட்டுக்கொண்டான்.
அளவு சிறிது, விரல்களை மடக்கித்தான் நடக்க முடிந்தது.
அணியத்து இருட்டிலிருந்து
டக். ஓர் இழுப்பு. டக்.
பம்பின் கைப்பிடியில் எங்கள் எல்லோர் கையும்
அப்படியே நின்றது.
ஒருவரும் திரும்பவில்லை.

"நின்னா தண்ணி ஏறும்" என்றான் ஆல்சோப்.

அழுத்தினோம்.