கொடியில் காயும் பணம்

கமிதுகாவில் மழை விட்ட காலை.
வபிவா துணிக்கொடியில் பணம் காயப்போடுகிறாள்.
நூறு பிராங்க், இருநூறு பிராங்க்,
எண்ணெய்க் கறை போகாத ஓர் ஐந்நூறு.

"பணத்துக்குமா அம்மை போடும்?"
சிரிக்கிறான் சுரங்கத்துக்குப் போகிறவன்.
சிரிக்கட்டும்.
தோலோடு தோல், ஒரே போர்வை, ஒரே துண்டு,
அதுதான் அது வரும் வழி என்றாள் நர்ஸ் சிஃபா.
கையைக் கழுவு, பணத்தை விடு என்றாள்.
வபிவா இரண்டையும் கழுவுகிறாள்.

முலோண்டாவுக்கு முதலில் காய்ச்சல்.
பிறகு கழுத்தில் நெறி கட்டியது.
மலேரியாதான் என்று மூன்று நாள் படுத்திருந்தான்.
நான்காம் நாள் உள்ளங்கையில் ஒரு முத்து.
தங்கம் சலிக்கிற கை.
பதினாறு வருஷத்தில் அந்தக் கையில்
வேறெதுவும் இப்படித் தங்கியதில்லை.

இப்போது அவன் நீலத் தார்ப்பாய்க் கூடாரத்தில்,
அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம்.
அவித்த பீன்ஸை வைத்துவிட்டு விலகுகிறாள்.
அவன் வந்து எடுக்கிறான்.
"பொருக்கு உதிர்ந்ததா?" கத்துகிறாள்.
"முதுகில் இன்னும் பாக்கி!" கத்துகிறான்.
இவர்கள் தாம்பத்தியம் இப்போது ஊருக்கே கேட்கிறது.
கடைசிப் பொருக்கும் விழணும்,
கீழே புதுத்தோல் மூடணும்,
அதுவரை தொடாதே.

அவன் போர்வையை உதறாமல் சுருட்டி
வெந்நீரில் ஊறவைத்தாள்.
இரவானால் விளக்கைக் கிட்டே வைத்து
தன் உடம்பைத் தேடுகிறாள்,
பிள்ளையின் அக்குள், காதுமடல், வாயோரம்.
இருபத்தொரு நாள் பார் என்றாள் சிஃபா.
இன்று பத்தொன்பது.

மந்தாசி வாங்க வருகிறான்
குழியின் கணக்கெழுத்தன் பியாமுங்கு.
இந்த வெயிலில் கையுறை.
அவள் அவன் கழுத்தைப் பார்க்கிறாள்.
அவன் காலரை இழுத்துவிடுகிறான்.

பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள்.
சத்தம் போட்டால் ஓடிவிடுவான்.
யாரோ ஒருவனின் மோட்டார் சைக்கிளில்,
அவன் முதுகை அணைத்துக்கொண்டு, புகாவு வரைக்கும்.

எண்ணெய் பொரிகிற சத்தத்துக்குள்
அவனுக்கு மட்டும் சொல்கிறாள்:
"என் ஆளுக்குப் பக்கத்துக் கட்டில் காலி.
அங்கே சாப்பாட்டில் உப்பே இருக்காது.
நாளையிலிருந்து இரண்டு தட்டாகக் கொண்டுவருகிறேன்."

பலகை ஓரத்தில் நோட்டை வைக்கிறான்.
மந்தாசியும் எடுக்கவில்லை, மீதியும் கேட்கவில்லை.
சுரங்கத்துப் பாதை இடப்பக்கம்.
வலப்பக்கம் நடக்கிறான்.

வபிவா இடுக்கியால் நோட்டை எடுத்து
வாளியில் போடுகிறாள்.
"அடுத்தது யார்?"