பேய்வீட்டுக்கான திருத்தங்கள்

கொழும்பிலிருந்து லொறியில் வந்த பேய்வீடு
மாங்குளம் சந்திக்குப் பின்னால்
காய்ந்த காணி ஒன்றில் இறங்கியது.
ஆறு அறை, இரண்டு புகை மெசின்,
பதினாறு ஸ்பீக்கர்,
ஆள் அசைந்தால் விழித்துக்கொள்ளும் தரை.
கூடவே ஒரு கொப்பி:
எந்தக் காலடிக்கு எந்தச் சத்தம்,
எத்தனையாம் செக்கனில் இருட்டு.

நான் சத்தம் போடுகிறவள்.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
ஒலி வடிவமைப்பாளர் என்று அடித்திருக்கிறார்கள்.
அம்மாவுக்கு முதலாவதுதான் விளங்கும்,
அதுதான் சரியும்.

முதல் இரவு சிவப்புப் பேனாவோடு குந்தினோம்,
நானும் வயறிங் செய்ய வந்த கஜீபனும்.
இரண்டாம் அறை, எதிர்பாராத வெடி:
வெட்டு.
மூன்றாம் அறை, குனிந்து போகும் மண் சுரங்கம்,
தலைக்கு மேலே ஏதோ சுற்றும் இரைச்சல்:
கஜீபன் பேனாவைப் பறித்து
தாள் கிழியக் கோடு போட்டான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
எங்கள் இரண்டு பேருக்கும்
ஒரே வருசத்தில்தான் ஒன்பது வயது.

நாலாம் அறை, தொங்கும் கை கால்கள்:
பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை.
ஐந்தில் ஒரு அழுகை இருந்தது,
ஸ்டூடியோவில் காசு கொடுத்து அழவைத்தது.
இரண்டு தரம் போட்டுக் கேட்டோம்.
"இது பறவாயில்லை," என்றான்.
"ஒருத்தரும் இப்பிடி அழமாட்டினம்."
அதை விட்டோம்.

வடிவமைத்த செஹான் போனில் கேட்டார்,
கோபமில்லாமல்:
பிறகு பயத்துக்கு அங்கே என்னதான் இருக்கு?
வன்னிக்குப் பொருந்துகிற பயம் என்று எழுதி
கொம்பியூட்டரையே கேட்டாராம்.
அது ஒரு யானையைப் பிளிறி அனுப்பியது.
நல்ல யானை. மூன்றாம் அறையில் விட்டோம்.
வரிசையில் நின்ற ஒலுமடுக்காரர் ஒருவர்
சட்டென்று இடுப்பில் யானைவெடியைத் தடவினார்,
பிறகு கச்சான் பையைக் கண்டு தானே சிரித்தார்.
பொடியள் அதற்காகவே
இரண்டாம் தரமும் ரிக்கெற் எடுத்தாங்கள்.

எங்கள் வெட்டெல்லாம் முடிய
ஆறாம் அறையில் மிஞ்சியது
இருட்டு,
பெரிய காற்றாடியின் குளிர்,
எங்கோ ஒரு துளி விழும் சத்தம்.
சனம் அதை நிற்காமல் கடந்தது.

இரண்டாம் இரவு, பத்தே முக்கால்.
கேற்றைப் பூட்டிவிட்டுத் திரையைப் பார்த்தேன்.
உள்ளே போனவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
வெளியே வந்தவர்கள் முந்நூற்றுப் பதினொன்று.

கணக்குப் பிசகு, என்றேன்.
ஓம், கணக்குப் பிசகு, என்றான் கஜீபன்.
வேறு ஒரு சொல் இருந்தது.
இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.
அவனுடைய ரோச் வெளிச்சம் துணிச் சுவரில் நடுங்கியது,
பற்றறி புதுசு.
மூன்றாம் அறையில் யானை எங்களுக்காகவும் பிளிறியது.
ஐந்தாம் அறை அழுதது.
நிப்பாட்ட மறந்துபோய் நின்றேன்,
நான் செய்துவைத்த வீட்டுக்குள்
எனக்கு முள்ளந்தண்டு குளிர்ந்தது.

ஆறில், ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து
ஒரு பெண் நித்திரை.
செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்திருந்தாள்.
அசையாத ஆளைத் தரை
ஆளென்று எண்ணாது.

வெளிச்சம் பட்டதும் கையால் மறைத்தாள்.
"மெசினுக்கு முன்னால பத்து மணித்தியாலம்.
காதுக்குள்ள தையல் நிக்குதில்லை.
இஞ்சதான் தங்கச்சி நிண்டது."
பிறகு கொஞ்சம் உறைப்பாக:
"காசு குடுத்துத்தானே வந்தனான்."

பெயர் புஸ்பலீலா. கரிப்பட்டமுறிப்பு.
கஜீபன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான்,
வரும் வரைக்கும் நான்
திரையில் அந்த எண்ணைத் திருத்தவில்லை.
படலையால் அவள் உள்ளே போனதைப் பார்த்தேன் என்று
அவன் சொன்ன பிறகு
முந்நூற்றுப் பன்னிரண்டு என்று அடித்தேன்.

விடிய கொப்பியில் ஒரு வரி சேர்த்தேன்:
ஆறாம் அறை, வாங்கு ஒன்று.
படத்தைப் பார்த்த செஹான் கேட்டார்,
அதிலிருந்து எப்போது என்ன எழும்பும்?

ஐந்து மணிக்கு, என்று எழுதினேன்,
தையல்கடை விட்டபிறகு பாருங்கள்.