கிராமம்: மற்றவை

காலை ஒன்பதே காலுக்கு
ஐஸ் பெட்டியோடு வந்து நின்றது பைக்.
பதினேழு குழாய்கள்.
ஓட்டி வந்தவரின் முழங்கால்வரை சேறு.
ஸ்டிக்கர் ஒட்டி
சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினால்
டிக் என்கிறது.
அதற்குப் பிறகு பூமயிலுக்குப் பெயர் கிடையாது,
பதினான்கு இலக்கம்.

திருவாரூருக்கு இந்த மென்பொருள் வந்து
இரண்டு வருஷம் ஆகிறது.
நல்லதுதான், பொய் சொல்ல மாட்டேன்.
எந்தக் குழாய் எந்த ஃப்ரிட்ஜில் என்று
இப்போது யாரும் யாரையும் திட்டுவதில்லை.

பிறந்த தேதி தெரியாதென்றால்
ஜனவரி ஒன்று என்று தானே போட்டுக்கொள்ளும்.
தாலுகாவில் பாதிப் பேர்
ஒரே நாளில் பிறந்தவர்கள்.
கைப்பேசி எண் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது.
ரிஸ்வானா தன் எண்ணையே கொடுத்துவிடுவாள்.
சோறு தின்னும்போது அவளுக்குச் செய்தி வரும்:
அன்புள்ள காத்தமுத்து, உங்கள் முடிவு தயார்.

கிராமம் என்ற கட்டத்தில் மட்டும்
நாம் எதையும் எழுத முடியாது.
அம்புக்குறியை அழுத்தினால்
ஊர்கள் அகர வரிசையில் இறங்கிவரும்,
நல்லூர்கள், மங்கலங்கள், குடிகள்.
மதகடித் தெரு வராது.
வாய்க்கால் மேட்டில் நாற்பத்தொரு வீடு.
வடக்கே ஒரு பஞ்சாயத்து, தெற்கே ஒரு பஞ்சாயத்து.
இரண்டுக்குமே அது
அடுத்தவருடையது.

ஐப்பசியில் எலைசா தட்டில்
மஞ்சள் கூடிக்கொண்டே போனது.
எலிக்காய்ச்சல்.
ஓர் ஊரில் பதினைந்து நாளில் மூன்று பேர் என்றால்
வரைபடத்தில் அந்த ஊர் சிவக்கும்.
மாவட்டம் பச்சையாகவே இருந்தது,
சம்பா பயிரைவிடப் பச்சையாக.

தீபாவளி அன்று எனக்கு ட்யூட்டி.
வேலை இல்லை, வெளியே வெடி.
குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு,
நூற்றிருபது எழுத்து, யாரும் படிக்காதது.
சும்மா அதைத் திறந்தேன்.
மதகடி. மதகு அடி. மதவடி தெரு.
மதவுகிட்ட, ட்ரான்ஸ்ஃபார்மர் தாண்டி.
மத என்ற இரண்டு எழுத்தைத் தேடச் சொன்னேன்.

பதினோரு பேர்.
ஆறு ஊர்களின் பெயருக்குள்
ஒன்றும் இரண்டுமாகப் பிரிந்து கிடந்தவர்கள்
திரையில் ஒரே வரிசையாக நின்றார்கள்,
நடவில் நிற்பதுபோல.
நடவில்தான் நின்றிருக்கிறார்கள்.

சுகாதார ஆய்வாளர் இருதயராஜுக்குப் போன் போட்டேன்.
“சிஸ்டத்துல பச்சையா இருக்கே, மேடம்.”
“சிஸ்டத்துலதான் சார் பார்த்தேன்.”
கொஞ்ச நேரம் வெடிச்சத்தம் மட்டும் கேட்டது, அவர் பக்கமும்.
மாத்திரைப் பெட்டியோடு
அன்று சாயங்காலமே போனார்.
மழையில், பண்டிகைச் சட்டையோடு.

பூமயிலின் குழாய் கெட்டுப்போயிருந்தது.
இரண்டாம் மாதிரி கேட்டு
நான்கு நாள் முன்பே அனுப்பியிருந்தேன்.
பதில் வந்திருந்தது.
காரணங்களின் பட்டியலில்
‘வர இயலவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.
அந்தப் பட்டியலில்
அதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை.
அவள் வயது நாற்பத்து மூன்று,
ஜனவரி ஒன்று.

சென்னைக்கு எழுதினேன்:
பட்டியலில் ஒரு பெயர் சேர்க்க வேண்டும்.
உங்கள் கோரிக்கை எண் இது என்று வந்தது.
பிறகு, பரிசீலனையில் உள்ளது.
பிறகு, தகவல் போதவில்லை.
நாற்பத்தொரு வீட்டின் கதவு எண்களையும் அனுப்பினேன்.
பிறகு பொங்கல்.

அறுவடை இயந்திரங்கள் ஊருக்குள் வந்த வாரம்
ரிஸ்வானா கூப்பிட்டாள்,
“அக்கா, இங்க பாருங்க.”
மண்டபத்தூருக்கும் மருதங்குடிக்கும் நடுவில்,
மதகாடித் தெரு.
ஒரு கால் கூடுதல்.

திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.
கேட்டால் இன்னொரு எண் தருவார்கள்,
அதுவரை பெயரை எடுத்துவிட்டாலும் எடுத்துவிடுவார்கள்.
இருக்கட்டும்.

இன்று காலை முதல் குழாய்.
அம்புக்குறி. ஊர்கள் இறங்கின.
ம வரும்வரை விரலை எடுக்கவில்லை.
பத்து வயதுப் பையன், மூன்று நாள் காய்ச்சல்,
கைப்பேசி: ரிஸ்வானாவுடையது.
டிக்.

மதியம் தட்டைப் பார்த்தேன்,
அவன் குழியில்
நிறம் இல்லை.