மிச்சம்

நான் இருக்கிற ஊரின் பெயர் மிச்சம்.
இங்கிலீசில் அது வேறு எழுத்து, வேறு சங்கதி.
அப்பாவுக்கு மட்டும் அது கணக்கு.
முப்பத்தொரு வருசம் கூட்டுறவுச் சங்கத்தில்
வரவெழுதிச் செலவெழுதி, கடைசிக் கோட்டின் கீழே
சிவப்பு மையால் தான் எழுதின சொல்லில்
மகள் குடியிருக்கிறாள் என்று
தபால்காரனிடம் சொல்லிச் சிரித்தாராம்.

டூட்டிங்கில் சேலைக்கடைக்கு மேலே லோயர்.
அப்பா தானே குளிப்பாரா?
குளிப்பார்.
சமைப்பாரா?
கஞ்சி வைப்பார்.
அவர் பேனையை மூடிவிட்டார்.
"அப்பிடியெண்டா கஷ்டம், தங்கச்சி.
அவருக்கு ஏலாது எண்டு இருக்கவேணும்.
காசு குடுத்தாலும் அங்க பாக்க ஆளில்லை எண்டு இருக்கவேணும்.
ஆனா பிளேன் ஏற ஏலவும் வேணும்."

இந்த மூன்றுக்கும் நடுவில்
ஒரு மனிதன் நிற்கிற இடம் எவ்வளவு அகலம் என்று
திரும்பி வரும் பஸ்ஸில் கையால் அளந்து பார்த்தேன்.
பக்கத்துச் சீட்டுக்காரி
தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டொக்டர் பார்க்க வந்த நாள்
அப்பா விடியவே எழும்பி வெள்ளைச் சட்டையை அயன் பண்ணினார்.
கைநடுக்கத்தோடு ஏழு தெறியும் பூட்ட
முக்கால் மணித்தியாலம் போனது.
அது டொக்டர் வருமுன்னர் போன முக்கால் மணித்தியாலம்;
அறிக்கையில் அதற்கு இடமில்லை.
கேட்டதற்கெல்லாம் "ஏலும்."
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது
இடையில் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல்
அடிவரை போய்,
"மிச்சம் ரெண்டு" என்றாராம்.

போனில் நான் கத்தினேன்.
ஏலாது என்று ஒரு சொல், அப்பா, ஒரே ஒரு சொல்.
அந்தப் பக்கத்தில் கொஞ்சநேரம் காகம் மட்டும்.
பிறகு,
"பொய்க்கணக்கு எழுதச் சொல்லுறியோ, பிள்ளை?"

மறுப்புக் கடிதம் நாலு பக்கம்.
மூன்றாம் பக்கத்தின் நடுவில்:
விண்ணப்பதாரர் நேர்த்தியாக உடுத்தியிருந்தார்.

எனக்கு மருந்துக்கடையில் வேலை.
திங்கள் காலை, திங்கள் மதியம், திங்கள் இரவு என்று
குழிகுழியாகப் பிரித்த பிளாஸ்டிக் தட்டுகளில்
இந்த ஊர்த் தகப்பன்மாருக்குக் குளிசை நிரப்புகிறேன்.
ஹோல்டனுக்கு இரத்த அழுத்தம், ஒகஃபோருக்குச் சீனி,
மணியடித்தாலும் கேட்காத பிளைத்துக்கு எல்லாமே.
அப்பாவிடம் கேட்டால் "போட்டாச்சு" என்பார்.
எத்தனை மணிக்குக் கேட்டாலும் போட்டாச்சு.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
கடையில் நாலு பேர் வரிசையில் நிற்க, போன்.
வருடக் கணக்குச் சரிவந்த நாளின் குரல் அவருக்கு.
"கிணத்தடியில விழுந்திட்டன், பிள்ளை.
வலது கை முறிஞ்சு போச்சு.
குளிக்க ஏலாது. தெறி பூட்ட ஏலாது.
இனி நீ எழுதலாம். பொய்யில்லை."

நான் அழவில்லை. அதைத்தான் எழுதவேண்டும்.
முதல் நொடி எனக்குச் சந்தோசமாக இருந்தது.
இரண்டாம் நொடியில்
எலும்பு ஆறு கிழமையில் பொருந்திவிடும் என்று
தெரிந்தவளாக நின்றேன்.
ஆறு கிழமை யாருடைய கணக்கிலும் ஏறாது.
அதை அவருக்குச் சொல்லவில்லை.

"ஆர் அப்பா சட்டை போட்டுவிடுறது?"
"பக்கத்து வீட்டுப் பெடியன், நிரோசன். நல்ல பெடியன்."
பிறகு குரலைத் தாழ்த்தி,
யாரோ பேரேட்டைத் திறந்துகொண்டு பின்னால் நிற்பதுபோல,
"அவன்ர பேரை மட்டும் எழுதாத" என்றார்.
முப்பத்தொரு வருசத்தில் ஒருநாளும் செய்யாதவர்.

பிளைத்தின் தட்டு முன்னால் திறந்தபடி.
ஞாயிறு இரவு வரை எல்லாக் குழியும் நிறைந்திருந்தும்
என் கையில் ஒரு குளிசை மிச்சம்.
எந்த நாளில் பிழைத்ததென்று தெரியவில்லை.
முழுவதையும் கொட்டிவிட்டு
மறுபடி திங்கள் காலையிலிருந்து தொடங்கினேன்.