வாயில் மறுத்தல்

ஃப்ரோயா தீவில் டிசம்பர்.
பத்து மணிக்கு விடிந்து
மதிய ரொட்டி செரிக்குமுன் இருட்டிவிடும்.
ஏழாம் கூண்டில்
இரண்டு நாளாக சால்மன்கள் பட்டினி.

தொரூன் நிரலைத் திறந்தாள்.
ஆக்சிஜன்: பூஜ்யம்.
மூச்சில்லாத நீருக்கு எதற்குத் தீனி என்று
குழாய் தானாக மூடிக்கொண்டிருந்தது.
கூண்டிலோ
மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

பதினோரு கோப்புகள் அந்த எண்ணைத் தொட்டிருந்தன.
பத்து, பார்த்துவிட்டுப் போனவை.
எய்விண்டின் சனிக்கிழமைச் சோதனை மட்டும்
எழுதிவிட்டுப் போயிருந்தது.

திறந்த வீட்டில் நாய் நுழைந்தால்
நாயையா கேட்பது?
ஒன்பது வருடத்துக்கு முன்
அவசரத்தில் 'பப்ளிக்' என்று எழுதியது
அவள் கைதான்.

ஒரு சொல்லை மாற்றினாள்.
புறம் அகமானது.
பதினோரு இடத்தில் கம்பைலர் அலறியது.
அலறட்டும் என்று காப்பி ஊற்றப் போனாள்.

பிறகு இரண்டு வாசல் வைத்தாள்.
ஒன்று, கேட்டால் சொல்லும்.
மற்றது, கொடுத்தால் உடனே வாங்காது:
பூஜ்யமா, உணரி செத்திருக்கும், போய்த் துடை.
முப்பதா, கடல் அப்படிப் பேசாது.
வாயில் மறுக்கும்.

வெள்ளிக்கிழமை இன்னொன்று.
பழைய அளவுகளின் பட்டியலில்
மூன்று நாளைக் காணோம்.
அதுவும் அகத்தில்தான் இருந்தது, பூட்டி.
ஆனால் எட்டிப் பார்க்கக் கேட்டவனிடம்
பானையையே தூக்கிக் கொடுத்திருந்தாள்.
கைக்குப் போனதை அவன் வெட்டினான்;
உள்ளே இருந்ததும் வெட்டுப்பட்டது.
இரண்டும் ஒன்றே.

இப்போது நகல்தான் வெளியே போகிறது.
கிறுக்கலாம், கிழிக்கலாம்,
உள்ளே ஓர் அலை எழாது.

"எப்படி இருக்கிறாய்?" என்றான் எய்விண்ட்
கேன்டீனில், மீன்சூப் ஆறுவதற்குள்.
"நன்றாக."
அதுவும் நகல்.
அவன் அதை வாங்கிக்கொண்டு
உப்பைத் தேடினான்.

ஏழாம் கூண்டில் அன்றிரவு தீனி விழுந்தது,
கூரையில் ஆலங்கட்டி போல.
நீர் கொதித்து அடங்கியது.

வீட்டுக்குப் போகும் வழியில்
ஹித்ராச் சுரங்கத்துக்கு முன்
வண்டியை ஓரங்கட்டி, விளக்கை அணைத்து
பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.
கைப்பேசி இருமுறை ஒளிர்ந்தது,
எடுக்கவில்லை.

யார், ஏன் என்று
என்னைக் கேட்காதீர்கள்.
அகத்தில் பேர் சொல்லும் வழக்கமில்லை நமக்கு.
எழுதுகிற எனக்கும்
வாசல் வரைதான்.

கண்ணாடியில் பனி படர்ந்தது.
பிறகு வைப்பர் ஒரு முறை அசைந்தது.