இரவுப் பணிப் பதிவேடு

பதிவேட்டில் எழுத இடம் கொஞ்சம்தான்.
நேரம், நடந்தது, காரணம், கையொப்பம்.
காரணம் என்ற கட்டத்தில்
நாங்கள் எல்லோரும் கோடு போட்டுவிடுவோம்.

பெர்த்ஷயர் மலைகளுக்கு நடுவே
ஜனவரியில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
பதினொரு பிள்ளைகள், பதினொரு கதவுகள்.
கால்மணிக்கு ஒருமுறை
கதவுக் கண்ணாடி வழியே
போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது
என் வேலை.
கெண்ட்ராவின் கதவை முழுதாய் மூடக் கூடாது.
லாக்லனுடையதைத் துளியும் திறந்து வைக்கக் கூடாது.
ஹீட்டர் முனகினால் யூவன் விழித்துக்கொள்வான்,
அதனால் அது முனகுவதற்குள் போய்
அதன் காதைத் திருகிவிட்டு வருவேன்.

வந்த வாரமே ரூரி என் முன்கையைக் கடித்தான்.
கீழ்வரிசையில் ஒரு பல் அப்போது முளைக்கவில்லை;
தழும்பிலும் அந்த இடைவெளி இருந்தது.
மருந்து போட்ட ஷோனா
"லீவு எடுத்துக்கோ, எஃபி" என்றாள்.
எடுத்துக்கொண்டேன்.
ஒரு நாள் முழுக்கத் தூங்கினேன்.
அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

நேற்று மூன்று பத்துக்கு
அவன் படுக்கை காலி.
தண்ணீரில்லாத குளியல் தொட்டிக்குள்
தலையணையோடு சுருண்டு கிடந்தான்.
வெளியே வா என்று நான் சொல்லவில்லை.
பயிற்சியில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள்.
தரையில் உட்கார்ந்தேன்.
ஓடுகளின் குளிர் பாவாடைக்குள் ஏறியது.

வெகுநேரம் கழித்துத் தொட்டிக்குள்ளிருந்து குரல்:
"சம்பளத்துக்குத்தானே இங்க இருக்கே?"
"ஆமா."
"எவ்வளவு?"
"மணிக்குப் பன்னிரண்டு பவுண்டு. சில்லறையை விட்டுடு."
தொட்டியின் விளிம்பில்
விரல்கள் மட்டும் தெரிந்தன,
எண்ணி மடங்கின.

"அம்மாவுக்கு யாரும் தரல."
கொஞ்சம் பொறுத்து,
"அம்மாவுக்கு ஏழரைக்கு வேலை முடியவும் முடியாது."

எனக்குப் பதில் வரவில்லை.
பொறுமை என் குணம் என்று நினைத்திருந்தேன்.
பாதி அது. மீதி,
ஏழரைக்கு முற்றத்தில் வந்து நிற்கும்
இன்னொருவருடைய கார்.

ஐந்து நாற்பதுக்கு அவனாகவே எழுந்தான்.
வாசலில் நின்று திரும்பி,
"முப்பது பவுண்டு," என்றான்,
"தரையில சும்மா உட்கார்ந்ததுக்கு. ஜாஸ்தி."
தலையணையை இழுத்துக்கொண்டு போனான்.

எழுதினேன்:
3:10 முதல் 5:40 வரை. குளியலறை. பேச்சு. கணக்கு.
காரணத்துக்கு வழக்கம்போல் கோடு.
பிறகு ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
பகல் பணியாளருக்கு:
அவன் அம்மாவை இன்று கூப்பிடுங்கள்.
புகார் சொல்ல அல்ல.
தூங்கினாளா என்று கேளுங்கள்.

ஏழு இருபத்தெட்டுக்கு க்ரெகர் வந்தான்,
கையில் காபி, காதெல்லாம் சிவப்பு.
"எப்படிப் போச்சு ராத்திரி?"
"அமைதி," என்றேன்.

என் கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி.
நூலக அட்டையால் சுரண்டினேன்,
பாதை தெரிகிற அளவுக்கு மட்டும்.