வலது கையுறை

என் வேலை மறதிக்கு எதிரானது.
எந்தப் பொத்தான் அவிழ்ந்திருந்தது,
காபி கோப்பையில் எதுவரை,
மழை நனைத்தது எந்தத் தோளை,
எல்லாம் என் நோட்டில் இருக்கும்.

ஹாப்சலு ஸ்டேஷனுக்கு ரயில் வந்து
முப்பது வருடமாகிறது.
தண்டவாளத்தையும் பிடுங்கிப் போய்விட்டார்கள்.
கூரை போட்ட நீள நடைமேடை மட்டும்
எஸ்தோனியக் குளிரில் விறைத்து நிற்கிறது.
அங்கேதான் நிற்கிறான் எங்கள் பேயும்,
நான்கு சீசன்களாக.

பெயர் வில்லெம். ஸ்டேஷன் மாஸ்டர்.
செத்தவன்தான்,
ஆனால் முதல் சீசனில் அவனுக்கு
இறந்தகாலமே கிடையாது.
வராத ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டுவான்.
சுற்றிப்பார்க்க வருகிறவர்களின் தொப்பியைத் தட்டிவிடுவான்.
குழந்தைகள் சிரிப்பார்கள்.

கையுறை வந்த கதை
எனக்கும் மேக்கப் மைமுவுக்கும்தான் தெரியும்.
முதல் நாள். கல்யோவின் கல்யாண மோதிரம் கழலவில்லை.
எங்கள் ஊரில் அது வலக்கையில்.
சோப்பு, வெண்ணெய், கடைசியில் நூல்கூடச் சுற்றிப் பார்த்தோம்.
பேய்க்கு ஏதய்யா பெண்டாட்டி என்று இயக்குநர் கத்த
(அவர் பிறகு விளம்பரப் படங்களுக்குப் போய்விட்டார்)
மைமு தன் கோட்டுப் பையிலிருந்து
சாம்பல் நிறத்தில் ஒற்றைக் கையுறையை எடுத்தாள்.
எழுதினேன்:
வில்லெம். வலக்கை. கையுறை. எப்போதும்.

எப்போதும் என்று எழுதியவள் நான்.

நான்காம் சீசனுக்கு முன்
த்ரீனு முப்பத்தெட்டு எபிசோடுகளையும் மறுபடி பார்த்து
கண் வீங்கி வந்தாள்.
எதை மறைக்கிறான் இந்த மனிதன்?
என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மோதிரம் என்று சொல்லி
ஒரு சீசனையே கெடுத்திருப்பேன்.
அவளே எழுதிக்கொண்டாள்:
நாற்பத்தொன்பது மார்ச், இரவு.
சைபீரியாவுக்குக் கால்நடைப் பெட்டிகள்.
எந்தப் பெட்டியில் எத்தனை பேர் என்ற தாளில்
கையெழுத்திட்ட கை.

அதற்குப் பிறகு நானும் பழையதைப் போட்டுப் பார்த்தேன்.
இரண்டாம் எபிசோடு, தொப்பி பறக்கும் வேடிக்கைக் காட்சி.
தட்டிவிடுவதற்கு முன்னால்
அவன் உதடு அசைகிறது.
ஏழு, எட்டு, ஒன்பது.
கேமரா நகர்ந்து வரும்வரை எண்ணியிருப்பான் கல்யோ,
வேறென்ன.
இப்போது அதைப் பார்க்க முடியவில்லை.
தலைகளை எண்ணுகிறான்.

கழற்றும் காட்சி பிப்ரவரியில். மைனஸ் பதினாறு.
வசனம் இல்லை.
கையுறையை உருவி பெஞ்சில் வைக்க வேண்டும், அவ்வளவே.
உருவினான்.

மோதிரம் இல்லை.
அது இருந்த இடத்தில் வெளிறிய வளையம்,
பீரோவை நகர்த்திய பின் தெரியும்
பழைய தரை மாதிரி.

மைமு பவுடர் பஞ்சோடு ஓரடி வைத்து
என்னைப் பார்த்தாள்.
பிழை என்று சொல்ல வேண்டியவள் நான்தான்.
சோப்புக்கும் வெண்ணெய்க்கும் மசியாதது
எப்போது கழன்றது?
யார் கழற்றியது?
மூன்று வருடம் ஒரே வேனில் வருகிறோம்,
அவன் ஜன்னல் பக்கம், நான் கதவுப் பக்கம்.
கல்யோ பெஞ்சையே பார்த்து நின்றான்.
டேக்குக்கு முன் ஐஸ்கட்டி மெல்லுவான்,
பேயின் மூச்சு ஆவியாகத் தெரியக்கூடாதென்று.
அன்று மறந்திருந்தான்.
வெள்ளையாக வந்தது மூச்சு, நின்று நின்று.
அதையும் நான் சொல்லவில்லை.

நோட்டில் அந்த வரி காலியாகவே இருக்கிறது.

ஒளிபரப்பான இரவு த்ரீனு போன் செய்தாள்.
விரலைக் கவனித்தாயா, அவனுக்கு மனைவி இருந்திருக்கிறாள்,
அந்தத் தாளில் அவள் பேரும் இருந்திருக்கிறது!
குரலில் அத்தனை சந்தோஷம்.
அவளுக்குப் பெயர் வைக்க வேண்டுமாம்.
கல்யோவையே கேட்கலாமா என்றாள்.

கேட்காதே என்றேன்.
ஏன்?

தொடர்ச்சி கெட்டுவிடும் என்றேன்.